சமத்தாகக் கிடக்கும் குட்டி

"வந்ததிலிருந்து ஒரு சத்தம் இல்லை, விட்ட இடத்திலேயே கிடக்கிறது, அவ்வளவு சமத்து!" காப்பகத்திலிருந்து நாய்க்குட்டியை எடுத்து வந்த வீடுகளில் முதல் இரண்டு மூன்று நாட்களில் இப்படிச் சொல்வார்கள். எட்டிப் பார்த்தால் குட்டி சோபாவுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் சுருண்டிருக்கும். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும். காதுகள் பின்னால் மடிந்திருக்கும். கிண்ணத்தில் வைத்த சோறும் கோழியும் தொடப்படாமல் காய்ந்திருக்கும். யாராவது குனிந்து தடவினால் ஓடாது, உறுமாது. முகத்தை மட்டும் அப்பால் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை விளிம்பு தெரிய ஓரமாகப் பார்க்கும். மூக்கை ஒருதரம் நக்கிக்கொள்ளும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும்.

இத்தனையும் அச்சத்தின் அடையாளங்கள். குட்டி அமைதியாக இல்லை, உறைந்துபோயிருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்த உயிருக்கு மூன்று வழிகள் உண்டு: ஓடலாம், எதிர்க்கலாம், அசையாமல் கிடக்கலாம். பூட்டிய அடுக்குமாடி வீட்டில் ஓட இடமில்லை. தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய உருவங்களை எதிர்க்கவும் முடியாது. மிஞ்சுவது மூன்றாவது வழிதான். அதைச் சமத்து என்று எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுத் தடவச் சொன்னால், அந்தக் குட்டி மேலும் சில வாரங்களுக்குப் பின்தங்கிப் போகும்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி அபாயத்தை உணர்ந்ததும், நொடிகளுக்குள் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. குடலுக்குப் போகும் இரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. குட்டி சாப்பிடாமல் இருப்பதற்குப் பிடிவாதம் காரணம் இல்லை, செரிமானமே தற்காலிகமாகத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதே நேரத்தில் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி என்று படிப்படியாக ஆணை இறங்கிக் கார்ட்டிசோல் சுரக்கத் தொடங்குகிறது. அட்ரினலின் சீக்கிரம் அடங்கிவிடும், கார்ட்டிசோல் அப்படியல்ல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு புதிய பயம் வந்துகொண்டிருந்தால் அது இறங்கவே வாய்ப்பில்லை. 1997ல் மைக்கேல் ஹென்னசியின் குழு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த நாய்களின் இரத்தத்தைச் சோதித்தது. முதல் மூன்று நாட்களில் கார்ட்டிசோல் மிக உயர்ந்து இருந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் தங்கிய நாய்களிடம் தணிந்திருந்தது. இடம் மாறிய உடம்பு தணிவதற்கே நாட்கள் ஆகும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆகவே முதல் வாரத்தில் விருந்தாளிகள் வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், கடைத்தெரு வேண்டாம்.

சிங்கப்பூரில் இந்தப் பேச்சு பெரும்பாலும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' குட்டிகளைப் பற்றியதாகவே இருக்கும். ஜூரோங் தீவு, துவாஸ், லிம் சூ காங் போன்ற இடங்களில் தொழிற்சாலை ஓரங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் புதர்களிலும் பிறந்து வளரும் உள்ளூர் நாய்கள் இவை. முன்பு அரசின் வீவக அடுக்குமாடி வீடுகளில் இவற்றுக்கு இடமில்லை. அங்கீகரிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருந்தால்தான் ஒரு நாயை வைத்துக்கொள்ளலாம். 2012ல் விலங்குநல அமைப்புகளும் அரசும் சேர்ந்து 'அடோர்' திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கின. 2014ல் அது நிரந்தரமானது. நடுத்தர உயரமுள்ள உள்ளூர் நாய்களும் வீவக வீட்டுக்குள் வர அதுவே வழி திறந்தது. 2020ல் எடை வரம்பு நீக்கப்பட்டு உயர வரம்பு 55 சென்டிமீட்டராக ஆனது. நாய்க்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும், உரிமம் எடுக்க வேண்டும், அடிப்படைப் பயிற்சிக்கும் போக வேண்டும். 2018 நவம்பரில் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, இயன்றவற்றுக்கு வீடு தேடித்தரும் தேசியத் திட்டமும் வந்தது. கொன்று குறைப்பதைவிட இது மேலானது. இந்த விஷயத்தில் சிங்கப்பூர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் புதரில் பிறந்த குட்டி வீட்டுக்கு வரும்போது ஒரு சிக்கலையும் கொண்டு வருகிறது. அது சிக்கல் என்று முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் இருந்த ஆய்வாளர்கள். டேனியல் ஃப்ரீட்மனும் அவருடைய தோழர்களும் 1961ல் வெளியிட்ட ஆய்வு இது. உயரமான வேலி போட்ட வெளிகளில் நாய்க்குட்டிகளைத் தாயோடு விட்டு, மனிதர் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை இரண்டாவது வாரத்தில், சிலவற்றை மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது வாரத்தில் என்று ஒரே ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சில குட்டிகளைப் பதினான்கு வாரம் வரை எடுக்கவே இல்லை. அந்தக் கடைசிக் குட்டிகள் காட்டு விலங்குகளைப் போலவே நடந்துகொண்டன. மனிதர் அருகே வந்தால் பதறின, கயிற்றில் நடக்கப் பழகவில்லை. இடையில் ஒரு வாரம் பழகிய குட்டிகள் அப்படி ஆகவில்லை. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965ல் எழுதிய பெரிய நூலில் இதை விரித்து, மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டியின் பழகும் பருவம் என்று வரையறுத்தார்கள். அந்தப் பருவத்தில் எதைப் பார்த்ததோ, எதைக் கேட்டதோ, எதன் மேல் நடந்ததோ அது 'உலகம்'. அதற்குப் பிறகு புதிதாக வருவது எதுவும் முதலில் சந்தேகத்துக்குரியது.

மீட்கப்படும் குட்டிகளில் பல அந்தப் பருவத்தைப் புதரிலேயே கடந்துவிடுகின்றன. மழுமழு தரையில் கால் வைத்ததில்லை. மின்தூக்கியைப் பார்த்ததில்லை. மின்விசிறி சுழல்வது, கழிவறையில் தண்ணீர் பாய்வது, மேல்மாடியிலிருந்து குப்பைக் குழாயில் மூட்டை விழும் சத்தம் எல்லாமே அதற்குப் புதுசு. மனிதரில் அது அறிந்தவர் ஒருவேளை தொழிற்சாலைக் காவல்காரர் ஒருவர்தான். இந்தக் குட்டியை அடிமைப்படுத்திப் பழக்க முடியாது. அன்பைக் கொட்டி ஒரே நாளில் மாற்றவும் முடியாது. பருவம் தாண்டினால் கற்றுக்கொள்ளவே முடியாது என்றும் இல்லை. நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கடையிலோ வளர்ப்பாளரிடமோ எட்டு வார வயதில் வாங்கிய குட்டிக்கு வேறு ஒரு நெருக்கடி உண்டு. பழகும் பருவத்தில் அதற்கு இன்னும் நான்கைந்து வாரங்கள்தாம் மிச்சம். ஆனால் தடுப்பூசி வரிசை பதினாறாவது வாரம் வரை நீளும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான் ஊசியை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இடையில் பார்வோ வைரஸ் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் வைரஸ் அது. ஊசி எல்லாம் முடிந்த பிறகு வெளியே கொண்டு போகலாம் என்று காத்திருந்தால் பழகும் பருவம் மூடிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்ததும், நோயில்லாத குட்டிகளோடு சுத்தமான இடத்தில் பழகவிடலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008லேயே அறிவித்தது. தெருவை அறிமுகப்படுத்த, தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை. பஃப்ளோ ரோட்டில் வீவக புளோக்கிலிருந்து இறங்கியதுமே உலகத்தின் பாதி வந்துவிடுகிறது: பூக்கட்டும் கடையின் மல்லிகை வாசம், காய்கறிப் பெட்டியை இறக்கும் லாரி, தலைப்பாகை, தாடி, முக்காடு, ஹெல்மெட், சக்கர நாற்காலி, குடை. தோளில் மாட்டிய துணிப்பையில் குட்டியின் தலை மட்டும் வெளியே தெரிய, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடைகளின் ஓரமாகப் பத்து நிமிடம் நின்றால் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். விடுமுறையில் ஊழியர்கள் கூடும் அந்த நெரிசலில் குட்டிக்குப் பின்வாங்க இடமே கிடைக்காது. சந்தைக்குள்ளும் உணவங்காடிக்குள்ளும் செல்லப்பிராணிகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் இல்லை. ஆகவே நடந்து போகக்கூடிய தூரம்தான் உங்கள் பள்ளிக்கூடம். புதரிலிருந்து வந்த நாலு மாதக் குட்டிக்கு இந்தப் பாடம் இப்போது கூடாது. வீட்டுக்குள் ஓர் அறை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஓர் அறையைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதற்கு முன் 1967ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கொடுமை அது. ஆனால் அந்த நாய்கள் பட்ட வேதனையிலிருந்து கிடைத்த அறிவை நாய்களுக்கே திருப்பித் தருவது நம் கடமை. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை ஜோடி ஜோடியாகக் கட்டி வைத்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஜோடியில் ஒன்றால் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடியும். மற்றதால் முடியாது. இரண்டுக்கும் கிடைத்த அதிர்ச்சியின் அளவு ஒன்றே. மறுநாள் தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய வேறொரு பெட்டியில் விட்டபோது, பலகையை அழுத்தத் தெரிந்த நாய் தாண்டித் தப்பியது. ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்த நாய்களில் பெரும்பாலானவை முனகிக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டன.

கையாலாகாமையைக் கற்றுக்கொண்டன என்று அப்போது அதற்குப் பொருள் சொன்னார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016ல், அதே இருவரும் எலிகளின் மூளையில் கிடைத்த சான்றுகளை வைத்துத் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவதுதான் மூளையின் இயல்பான முதல் பதில். அதைக் கற்க வேண்டியதே இல்லை. கற்றுக்கொள்ளப்படுவது இன்னொன்று: 'நான் செய்வதால் ஏதோ மாறுகிறது' என்பது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி அதைக் கண்டுகொள்ளும்போதுதான் அந்தச் செயலின்மை அடக்கப்படுகிறது.

சோபா இடுக்கில் கிடக்கும் குட்டிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. அதற்கு இப்போது வேண்டியவை இரண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும். அன்பு அதற்குப் பின்னால் தானே வரும்.

ஆகவே ஓர் அறை, அல்லது கூடத்தின் ஒரு மூலை. அங்கே ஒரு கூண்டோ பெட்டியோ, கதவு எப்போதும் திறந்தபடி. உள்ளே காப்பகத்தில் அது படுத்திருந்த துணி. அந்த வாசம் ஒன்றுதான் அதற்கு அங்கே தெரிந்த பொருள், துவைத்துவிடாதீர்கள். வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு போட்டுப் பாதை அமைக்க வேண்டும். கால் வழுக்குகிற குட்டிக்குத் தப்பி ஓட முடியாது என்ற உணர்வே பயத்தைக் கூட்டும். சாப்பாடு, சிறுநீருக்கு வெளியே போவது, விளக்கணைப்பது எல்லாம் தினமும் அதே நேரத்தில். உங்கள் விருப்பத்துக்கு அதைத் தூக்காதீர்கள். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். அது வந்து முகர்ந்தால் முகரட்டும். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டு போகாமல் மார்புப் பக்கம் மூன்று நொடி தடவிக் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி வந்து கையில் சாய்ந்தால் தொடரலாம். விலகினால் அதுவே பதில், அதை மதிக்க வேண்டும். 'நான் விலகினால் இவர் நிறுத்திவிடுகிறார்' என்று அது கண்டுகொள்ளும் ஒவ்வொரு முறையும், பலகையை அழுத்திய நாயின் பக்கம் ஒரு படி நகர்கிறது.

முதல் இரவு அழுகைக்கும் அறிவியல் உண்டு. யாக் பான்க்செப் என்ற நரம்பியலாளர் 1978ல் நாய்க்குட்டிகளிடம் செய்த சோதனையில், தாயையும் கூடப்பிறந்தவற்றையும் பிரிந்த குட்டிகளின் கதறல் மிகக் குறைந்த அளவு மார்ஃபினால் அடங்கியது. பிரிவின் வேதனையும் உடல் வலியும் மூளையில் ஒரே வேதியியலைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்கான முதல் தடயங்களில் அது ஒன்று. அழட்டும், தானே பழகிவிடும் என்று தனி அறையில் பூட்டி வைப்பது பழைய அறிவுரை. அதை நான் ஏற்கவில்லை. சில இரவுகள் உங்கள் படுக்கைக்கு அருகே பெட்டியை வைத்து, மெல்ல மெல்ல நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்துங்கள். புடாபெஸ்டின் ஓட்வோஷ் லொராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் காட்டியதும் இதற்குத் துணை. மிரட்டும் முகத்தோடு அந்நியர் ஒருவர் நெருங்கியபோது, உரிமையாளர் அருகில் இருந்த நாய்களின் இதயத்துடிப்பு, தனியாக இருந்த நாய்களுடையதைவிடக் குறைவாகவே ஏறியது.

பயந்த குட்டியைத் தேற்றினால் பயம் கூடிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. செயலுக்குப் பரிசு கொடுத்தால் செயல் பெருகும். பயம் ஒரு செயல் அல்ல, உணர்ச்சி. இடி இடிக்கும்போது உங்கள் மடியைத் தேடி வரும் குட்டியை அணைத்துக்கொள்ளலாம். இடுக்கிலேயே இருக்க விரும்பினால் இழுத்து அணைக்கக் கூடாது. தேர்வு அதனுடையது.

இனி மின்தூக்கி. அடுக்குமாடி வாழ்வில் கூச்சமுள்ள நாய்க்கு இதைவிடக் கடினமான இடம் இல்லை. சிறிய இரும்பு அறை, தானே மூடும் கதவு, காலுக்கடியில் அசையும் தரை, நடுவில் திடீரென்று ஏறும் அந்நியர். வழி காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924ல் முயலைக் கண்டு நடுங்கிய மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைத் தின்னக் கொடுத்தபடி, தொலைவில் முயல் கூண்டை வைத்தார். நாளாக ஆகக் கூண்டைச் சற்றுச் சற்று நெருக்கினார். கடைசியில் ஒரு கையால் தின்றுகொண்டே மறுகையால் சிறுவன் முயலைத் தடவினான்.

அதே முறைதான். தாழ்வாரத்தில் மின்தூக்கியின் 'டிங்' சத்தம் கேட்கிற, ஆனால் குட்டி பதறாத தூரத்தில் உட்காருங்கள். சத்தம் கேட்டதும் உப்பும் மசாலாவும் இல்லாத அவித்த கோழி ஒரு துண்டு. வரிசை முக்கியம்: முதலில் சத்தம், பிறகு கோழி. மாற்றிச் செய்தால் கோழியைக் கண்டதும் 'ஐயோ, மின்தூக்கி வரப்போகிறது' என்று குட்டி கற்றுக்கொள்ளும். கோழியின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். கோழியை வாங்க மறுத்தால் தூரம் குறைவு என்று அர்த்தம், பின்வாங்குங்கள். மூன்று நிமிடம் போதும். நாலைந்து நாளில் இரண்டடி நெருங்கலாம். பிறகு திறந்த கதவின் முன், பிறகு உள்ளே நுழைந்து வெளியே வருவது, பிறகு ஒரே ஒரு மாடி. பள்ளி விடும் நேரத்தையும் வேலைக்குப் போகும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். இது முடியும்வரை குட்டியைத் தூக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் படியில் இறங்கலாம். வேறு ஒருவர் மின்தூக்கியில் இருந்தால் அடுத்ததுக்குக் காத்திருப்பது நல்லது. முஸ்லிம் அண்டைவீட்டாருக்கு நாயின் எச்சில் படுவது சங்கடம். வேறு சிலருக்கு நாய் என்றாலே பயம். அவர்கள் விரும்பும் இடைவெளியும் உங்கள் குட்டிக்கு வேண்டிய இடைவெளியும் ஒன்றே.

பயந்த நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் நாட்களில்தான் நடக்கும், அதுவும் கழுத்துப்பட்டையிலிருந்து பின்னோக்கி நழுவி. கழுத்துப்பட்டைக்கு ஒரு கயிறு, மார்புப் பட்டைக்கு இன்னொன்று என இரண்டு கயிறு கட்டியே வெளியே இறங்க வேண்டும். வீட்டு இரும்புக் கதவின் கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வலை அடித்து வையுங்கள்.

சத்தங்களில் சிங்கப்பூருக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. பட்டாசுக்கு 1970ல் பகுதித் தடையும் 1972ல் முழுத் தடையும் வந்ததால், சென்னையில் தீபாவளிக்கு நாய்கள் படும் பாடு இங்கே இல்லை. தேக்காவில் தீபாவளி என்பது விளக்கும் கூட்டமும்தான். ஆனால் வானம் சும்மா இருப்பதில்லை. ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடி முழங்கும் ஊர் இது. நாய்களின் காது ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான் எல்லை. நமக்கு ஒன்றுமில்லாத சத்தமும் அதற்குச் சத்தம்தான். இடியின் பதிவை மிகக் குறைந்த ஒலியில் போட்டு, கோழி கொடுத்து, வாரக்கணக்கில் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கலாம். நிஜ இடிக்கு முன் இதைத் தொடங்கிவிட வேண்டும். தேசிய தினத்துக்கு முந்தைய வாரங்களில் ஒத்திகைக்காகப் பறக்கும் போர் விமானங்களுக்காவது நேர அட்டவணை உண்டு. அந்த மாலைகளில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, உள்ளறையில் குட்டியோடு இருந்துவிடலாம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும் வழியில் வீடு இருந்தால், அன்றும் அப்படியே. காவடி பார்க்க ஆசைப்பட்டுக் குட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்குவது அதற்குச் செய்யும் கொடுமை.

மிரட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையில் சிறுநீர் கழித்ததற்குச் செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது இன்னும் பல வீடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. 2020ல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், திட்டியும் இழுத்தும் பயிற்சி தந்த பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் கார்ட்டிசோல் அதிகம் ஏறியது, பதற்றக் குறிகளும் மிகுந்திருந்தன. மேலும், மண்ணிலும் புல்லிலும் கழித்துப் பழகிய குட்டிக்குப் பளிங்குத் தரையும் செய்தித்தாளும் கழிப்பிடமாகத் தோன்றாது. குளியலறையில் ஒரு தட்டில் புல்தரைத் துண்டை வைத்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நம் சமையலறைக்கென்று ஓர் எச்சரிக்கை. சாப்பிடாத குட்டியைப் பார்த்துப் பாட்டிமார் மனம் பொறுக்காமல் சாம்பார் சாதம் பிசைந்து வைப்பார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் நஞ்சாக இருப்பது டார்டாரிக் அமிலம்தான் என்று அண்மை ஆண்டுகளில் கால்நடை நஞ்சியலாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். அந்த அமிலம் புளியில் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் செயலிழந்த நாய்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். சாம்பார், ரசம், புளிக்குழம்பு எதுவும் கிண்ணத்துக்குப் போகக் கூடாது. சோறும் உப்பில்லாத கோழியும் போதும். பசி திறந்ததும் அந்தக் கோழியைப் பழைய துண்டில் சுருட்டி வைத்துத் தேட விடுங்கள். இரண்டு வாரம் தினமும் முகர்ந்து தேடும் விளையாட்டில் ஈடுபட்ட நாய்கள், தெளிவில்லாத ஒன்றை நல்லதாக எதிர்பார்த்து அணுகத் தொடங்கின என்று 2019ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

இவ்வளவும் செய்தும் சில குட்டிகள் தேறாது. மூன்று நாளாக ஒன்றுமே தின்னாத குட்டிக்குப் பயத்தோடு நோயும் இருக்கலாம். அவ்வளவு நாள் காத்திருக்கக்கூட வேண்டாம். சின்னக் குட்டி ஒரு நாள் முழுதும் தின்னாமல் இருந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு மாதம் கழிந்தும் இடுக்கை விட்டு வராத குட்டி, சிறுநீருக்கு வெளியே இறங்கவே நடுங்கும் குட்டி, தொட்டால் கடிக்கும் குட்டி ஆகியவற்றுக்கு நடத்தையியல் தெரிந்த கால்நடை மருத்துவர் தேவை. ஃப்ளுவாக்செட்டின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகள் நாய்களுக்கும் பயன்படுகின்றன. மூளையில் செரட்டோனின் நிலையை மாற்றிப் பதற்றத்தின் உயரத்தைத் தணிப்பதே அவற்றின் வேலை. நாயை மந்தமாக்க அவற்றைக் கொடுப்பதில்லை. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். உயரம் தணிந்தால்தான் கோழித் துண்டு கண்ணில் படும், பயிற்சி உள்ளே போகும். மருந்து கொடுப்பதை வளர்த்தவரின் தோல்வியாக எண்ணிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தாமதத்தின் விலையைக் குட்டிதான் கொடுக்கிறது. காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாமா என்ற யோசனை வரும் முன்னரே காப்பகத்தாரிடமும் மருத்துவரிடமும் பேசிவிடுங்கள். குட்டியின் பழைய கதை அவர்களுக்குத் தெரியும். எந்தப் புதரில் கிடைத்தது, அப்போது அதற்கு எத்தனை வாரம், எந்தச் சத்தத்துக்கு நடுங்கியது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால், மருத்துவர் எங்கிருந்து தொடங்குவது என்று முதல் சந்திப்பிலேயே முடிவு செய்ய முடியும்.